தாலியைக் கழற்றிய அத்தியாயம்

கதிர்,

நான் எழுதிய புத்தகத்திலிருந்து ஓர் அத்தியாயத்தை எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டாய். அச்சகத்தில் ரஹீம் பாயிடம், "அம்மாவே எடுத்துடச் சொல்லிட்டாங்க" என்று பொய் சொன்னாய். மீதிப் பக்கங்களுக்கு எண்களை மாற்றி, பொருளடக்கத்தைத் திருத்தி, வெட்டிய இடம் தெரியாதபடி ஒட்டினாய். உன் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குத் தேங்காய் வெற்றிலையோடு தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்க, அந்தப் புத்தகத்தைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருக்கிறாய். மரகதம் அக்கா தன் தாலியைக் கழற்றிக் கொடுத்த அத்தியாயத்தை, அவருடைய பேத்திக்கு நீ தாலி கட்டப்போகும் மேடைக்காக வெட்டினாய். நடந்தது இதுதான். இதைவிட மென்மையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை.

வீட்டுச் சண்டையை ஏன் ஊரறிய எழுதுகிறாய் என்று கேட்பாய். போன் செய்தேன், "மீட்டிங்ல இருக்கேம்மா" என்றாய். ஊரப்பாக்கத்துக்கு ரயிலேறி வந்து உன் ஃபிளாட்டில் உட்கார்ந்தேன். காபி கொடுத்தாய், முகூர்த்தப் புடவையை விரித்துக் காட்டினாய், எனக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று மூன்று தரம் கேட்டாய். புத்தகத்தைப் பற்றி வாய் திறந்ததும், "அம்மா, ஒரு சாப்டர்தானே? மத்ததெல்லாம் நீ எழுதினது எழுதினபடி இருக்கு. கல்யாணம் முடியட்டும், செகண்ட் எடிஷன்ல சேத்துக்கலாம்" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கடிதம். அச்சில் செய்த காரியத்துக்கு அச்சில்தான் பதில் சொல்ல முடியும்.

நீ வெட்டியதில் என்ன இருந்தது என்பது உனக்குத் தெரியும். ஆனால் உன் பிரதியில் அது இல்லாததால் மற்றவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். மரகதம் அக்கா கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் வாக்கப்பட்டவர். கடற்கரையில் மீன் எடுத்து, அக்கம்பக்கத்து ஊர்களில் கூடை தூக்கி விற்றார். புருஷன் குடித்துவிட்டு அடித்தான். அடிக்காத நாளில் தாலியை அடகு வைத்தான். அக்கா மீன் விற்று மீட்டார். அவன் மறுபடி வைத்தான். ஒரு நாள் ஊர்ப் பஞ்சாயத்து கூடியிருந்தபோது, இடுப்பில் பிள்ளையோடு அக்கா நடுவில் போய் நின்று, தாலியைத் தானே கழற்றிப் பெரியவர்கள் முன்னால் மணலில் வைத்தார். "இத்த கட்னது ஒரு தபா. மூட்டுனது எத்தினியோ தபா. கட்டுனவனுக்குச் சொந்தமா, மூட்டுனவளுக்குச் சொந்தமா? நீங்களே வெச்சுக்கினு பேசி முடிங்க. எனக்கு மீன் விக்கப் போவணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பஞ்சாயத்து பேசி முடித்தது. மரகதத்துக்குக் கரையில் யாரும் மீன் கொடுக்கக் கூடாது, சுற்று வட்டாரத்தில் அவள் கூடையிலிருந்து யாரும் வாங்கக் கூடாது என்பது தீர்ப்பு. அன்று முதல் பாக்கியம் என்ற ஒருத்தி மட்டும், தான் எடுத்த மீனில் பாதியை அக்காவின் கூடையில் கொட்டினார். சொந்த மாமியார் பாக்கியத்தை வாசலில் நிறுத்தித் திட்டியபோதும் கொட்டினார்.

பக்கத்து ஊரில் விற்க முடியாது என்பதால்தான் அக்கா தூரத்துக்கு வந்தார். பஸ் ஏறித் திருப்போரூர் தாண்டிச் செங்கல்பட்டுக்கு வந்தார். நம் தெருவுக்கு வந்தார். "நெத்திலி, சங்கரா" என்று அவர் குரல் கேட்டால் நீ பாத்திரத்தை எடுத்துக்கொண்டு ஓடுவாய். மீன் நாற்றம் என்று பஸ்ஸில் கூடைக்காரிகளை நடுவழியில் இறக்கிவிட்டார்கள். அக்கா மற்றக் கூடைக்காரிகளைச் சேர்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டில் உட்கார்ந்தார், லாக்கப்பில் இருந்தார், வெளியே வந்து மறுபடி உட்கார்ந்தார். கடைசியில் பின் சீட்டை ஒட்டிக் கூடை வைக்க இடம் கிடைத்தது. பிறகு தேர்தலில் நின்று பஞ்சாயத்துத் தலைவர் ஆனார், குப்பத்துக்குக் குடிதண்ணீர்க் குழாய் கொண்டுவந்தார். இந்தப் பெருமை எல்லாம் உன் பிரதியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் இது எதனால் தொடங்கியது என்பது மட்டும் இல்லை. கையும் காலும் இருக்கின்றன, முதுகெலும்பை உருவிவிட்டாய்.

என் வழக்கம் உனக்குத் தெரியும். புத்தகம் கட்டாகி வந்ததும் முதல் பிரதியை, யார் சொல்லி எழுதினேனோ அவர்களிடமே கொண்டுபோய் உரக்கப் படித்துக் காட்டுவேன். தகவல் தப்பு என்றால் திருத்துவேன். பிடிக்கவில்லை என்பதற்காகத் திருத்த மாட்டேன். மரகதம் அக்கா போன ஐப்பசி மழையில் போய்விட்டார். அதனால் பாக்கியம் அக்காவுக்குப் படிக்க, கோவளம் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். வியாபாரம் முடிந்த நேரம். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆனால் தன் பேர் புத்தகத்தில் வருகிறது என்று பேரன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, காலியான மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பெண்கள். நான் படிக்கத் தொடங்கினேன். பிறப்பு முடிந்தது, கல்யாணம் முடிந்தது. பக்கத்தைத் திருப்பினேன். மரகதம் அக்கா பஸ்ஸில் இருந்தார்.

நான் நிறுத்துவதற்குள் சகாயமேரி பிடித்துக்கொண்டாள். அவள் இறால் விற்பவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. "இன்னாமே, நடுவுல தூங்கிட்டியா? இப்பதான் கல்யாணம் ஆச்சு, அதுக்குள்ள செங்கல்பட்டு பஸ்சு ஏறிட்டா! ஊருல வித்துகினு இருந்தவ அவ்ளோ தூரம் எதுக்குப் போனா, சினிமா பாக்கவா?"

"புருசங்கூட ஹனிமூன் போயிருப்பா" என்றாள் இன்னொருத்தி. "மீன் கூடையோடவாடீ?" என்று வேறொருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

பாக்கியம் அக்கா சிரிக்கவில்லை. "ரெண்டு பக்கம் ஒட்டிகினு இருக்கும். எச்சி தொட்டுப் பிரிச்சிப் பாரு" என்றார்.

எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தேன், கதிர். இத்தனை வருஷம் மெய்ப்புப் பார்த்த நான், ஒட்டாத தாளை அத்தனை பேருக்கு நடுவில் பிரித்துப் பார்த்தேன். பொருளடக்கத்தைத் திருப்பினேன். அங்கேயும் இல்லை.

"எம்பேரு வரலயா?"

"வரலக்கா."

புடவைத் தலைப்பை நீவிவிட்டுக்கொண்டார். பிறகு, "செரி வுடு. உம் புள்ளதான கம்ப்யூட்டர்ல அடிச்சது? மறந்துட்டு இருக்கும், பாவம். கல்யாண வேல இல்ல?" என்றார். உனக்காகப் பரிந்து பேசினார். நான் அங்கிருந்து நேராகப் பஸ்ஸேறி அச்சகத்துக்குப் போனேன். ரஹீம் பாய் முகம் வெளுத்துப்போய், "அக்கா, நீங்க சொன்னதாத்தானே தம்பி சொல்லுச்சு! உங்களுக்குத் தெரியாம இந்தக் கடையில ஒரு கமா போயிருக்குமா?" என்றார். அவர் உன் அப்பாவோடு தோளோடு தோள் நின்று அச்சுக் கோத்தவர். அவரையும் உன் பொய்க்குப் பங்காளியாக்கினாய்.

நீ இதை மறதியில் செய்யவில்லை. மரகதம் அக்கா அந்தக் கதையைச் சொன்னபோது அவர் முன்னால் போனைப் பிடித்துப் பதிவு செய்தவன் நீ. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னை வண்டியில் கோவளத்துக்கு அழைத்துப்போனவன் நீ. எனக்காகப் போகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அக்கா வீட்டில் டீ கொண்டுவந்து கொடுத்த அவர் பேத்தி யாழினிக்காகவும் போனாய் என்பது பிறகுதான் தெரிந்தது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். நல்ல பெண். ஆனால் யாழினி கல்லூரிக்குப் போயிருந்த ஒரு நாளில் அக்கா தாலிக் கதையைச் சொல்லி முடித்து, உன் போனைப் பார்த்தே பேசினார்: "மத்தத வுட்டாலும் வுடு, இத்த வுடாத. இத்த வுட்டா அது எங்கத இல்ல. எவளோ ஒருத்தி கத." நீ, "விடமாட்டோம் ஆயா" என்றாய். அந்தக் குரல் உன்னுடையதுதான். போட்டுக் கேள்.

யாழினியின் அப்பா மாணிக்கம் கேட்டுக்கொண்டதால் செய்தேன் என்கிறாய். அவரையும் போய்ப் பார்த்தேன். கடலைப் பார்த்த அவருடைய ஓட்டலில், வரவேற்பு மேஜைக்கு மேலே மரகதம் அக்காவின் படம் பெரிதாக மாட்டியிருக்கிறது. காதில் கம்மல், கழுத்தில் தாலிச் சரடு வரைந்து சேர்த்திருக்கிறார்கள். கீழே 'சமூக சேவகி' என்று எழுதியிருக்கிறது. நான் படத்தையே பார்ப்பதைக் கண்டு அவர் குரல் உயர்ந்தது. "சம்பந்தியம்மா, ஸ்கூல்ல என்னிய இன்னான்னு கூப்ட்டாங்க தெரியுமா? தாலியறுத்தா புள்ளன்னு கூப்ட்டாங்க. வாத்தியாரே சிரிச்சாரு. இன்னிக்கு எம்பொண்ணு கல்யாணத்துல, வர்றவன் கையிலல்லாம் நானே அச்சடிச்சுக் குடுக்கணுமா?" அவர் கண் கலங்கியது. அந்த வலி பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். நான் அதற்குச் சொன்னதையும் நீ தெரிந்துகொள். "உங்கள அப்படிக் கூப்ட்டவங்களைப் பத்தியும் எழுதிக் குடுங்க, அதையும் போடறேன். வெக்கப்பட வேண்டியவங்க அவங்க. உங்க அம்மா ஏன் மறையணும்?" என்றேன். அவர் மேனேஜரைக் கூப்பிட்டார். எனக்கு மோர் வந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

இது எனக்குப் புதிதில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். உன் அப்பா அச்சகத்திலிருந்து கொண்டுவந்த மெய்ப்புத் தாள்களை அடுப்படியில் படித்துப் படித்துத்தான் எழுத்து கற்றேன். பிழை திருத்தப் பழகியவள், பிறகு விடுபட்டதைத் தேடப் பழகினேன். பெரிய மனிதர்களின் வாழ்க்கையை அச்சடிக்கக் கொண்டுவருவார்கள். அதில் அவர்களுடைய பெண்டாட்டிகள் பிள்ளை பெறும் பக்கத்தில் வந்து, சாகும் பக்கத்தில் போவார்கள். நடுவில் என்ன செய்தார்கள் என்று கேட்க ஆளில்லை. அதனால்தான் நான் பெண்களின் வாழ்க்கையை எழுத ஆரம்பித்தேன். பர்மாவிலிருந்து நடந்து வந்து இங்கே பெண்களுக்குத் தையல் பள்ளி வைத்தவரை எழுதினேன். தொழுநோய் வார்டில் நோயாளிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்ட நர்ஸை எழுதினேன். ஒவ்வொரு வீட்டிலும் இதே கதைதான். "எங்கம்மா கோவக்காரின்னு போடாதீங்க." "அவங்க பீடி குடிச்சது வேணாமே." "புருஷன விட்டு வந்தாங்கன்னு போடாம, புருஷன் காலமானதும்னு போடுங்க." மாலை போட்ட படத்தைக் காட்டி, அதைப் பார்த்து எழுதச் சொல்கிறார்கள். ஓர் ஆண் வீட்டை விட்டுப் போனான், ஜெயிலுக்குப் போனான் என்று எழுதினால் அவன் பேரன் அதைச் சட்டம் போட்டு மாட்டுவான். ஒரு பெண் அதையே செய்தால் அவள் பேரன் அச்சகத்துக்கு ஆளனுப்புகிறான். அனுப்பப்பட்ட அந்த ஆள் ஒரு நாள் என் மகனாக இருப்பான் என்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை.

உன் அப்பா காலத்தில் ஒருவர் தன் தம்பி மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார். தம்பி இறந்துவிட்டார். அதனால் பெண்ணின் தாய் பெயர் வேண்டாம், கைம்பெண் பேர் மங்கல காரியத்தில் எதற்கு என்றார். மெய்ப்பு என்னிடம் வந்தது. நான் ஓரத்தில் அம்புக்குறி போட்டு அந்த அம்மாவின் பெயரைச் சேர்த்துவிட்டேன். உன் அப்பா வாடிக்கையாளரின் கோபத்தை நினைத்துப் பயந்தார். ஆனாலும் அந்த எழுத்துகளை அவரே கோத்தார். பத்திரிகையை வாங்க வந்தவர் கடை வாசலில் ஆடிய ஆட்டத்தில் தெருவே கூடியது. மறுநாள் மத்தியானம், பெண்ணின் தாய் தனியாக வந்து, "எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கி, முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார். உன் அப்பா அன்று சாப்பிடும்போது, "பேர் போட்டா மங்கலம் போயிடும்னா, அந்த மங்கலம் கோந்து போட்டா ஒட்டியிருந்துச்சு?" என்றார். நீ பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாய். உன் கல்யாணப் பத்திரிகையில் யாரையும் கேட்காமல், கைம்பெண்ணான என் பெயரை முதலில் போட்டவனும் நீதான். அதைப் பார்த்து நான் அழுதேன். என் பெயருக்கு அத்தனை இடம் கொடுத்தவன், பாக்கியம் அக்காவின் பெயரை எப்படித் துடைத்தாய்? எனக்கு அடங்காத கேள்வி அதுதான். அவர் அந்தப் புத்தகத்தில் வருவது அந்த ஒரு அத்தியாயத்தில் மட்டும்.

யாழினிக்கு இது எதுவும் தெரியாது, இப்போது தெரியவும் வேண்டாம் என்றாய். உன்னைக் கேட்கிறேன், யாருடைய பாட்டி அவர்? யாழினி கழுத்தில்தான் நீ தாலி கட்டப்போகிறாய். அவள் வீட்டில் ஒருத்தி அதைக் கழற்றி வைத்துவிட்டுத் தலை நிமிர்ந்து நடந்தாள் என்பது அவளுக்குச் சேரவேண்டிய சொத்து. தெரிந்தால் பெண் கெட்டுப்போவாள் என்று மாணிக்கம் பயப்படலாம், அவர் அப்பா. நீ எதற்குப் பயப்படுகிறாய்? கை ஓங்குகிறவன் அல்ல நீ, எனக்குத் தெரியும். அப்படியானால் அந்த அத்தியாயத்தால் உனக்கு என்ன ஆபத்து?

அம்மா கடைசியில் இறங்கி வருவாள், கல்யாண நேரத்தில் மனம் இளகும் என்று நீ கணக்குப் போட்டிருக்கலாம். இல்லை. உன் மேல் கோபம் ஆறாமல் போகலாம், பாசமும் ஆறாது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு நடக்க எனக்கு வயதும் பழக்கமும் இருக்கிறது. ஆக வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

ரஹீம் பாய் அந்த அத்தியாயத்தைத் தனியாக, ஒரு சிறு புத்தகமாக அச்சடிக்க வேண்டும். ஒப்புக்கொண்டுவிட்டார். மூல எழுத்து என் கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது, உன் கம்ப்யூட்டர் எங்களுக்குத் தேவையில்லை. மெய்ப்பு நான் பார்ப்பேன். இந்தக் கடிதமும் அதன் முன்னால் சேரும்.

மாணிக்கம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அந்தப் படத்தில் வரைந்து சேர்த்த சரடை மட்டும் எடுத்துவிடட்டும். அவர் அம்மா கழுத்து அப்படியே நன்றாக இருக்கும்.

மண்டபத்துக்குச் சகாயமேரியும் மார்க்கெட் பெண்களும் வருவார்கள். தாம்பூலப் பை கொடுக்கும் இடத்தில் நின்று, ஒவ்வொரு பையிலும் அந்தச் சிறு புத்தகத்தைப் போடுவார்கள். மீன் நாற்றம் என்று எவனாவது முகம் சுளித்தால், வாசலில் உட்கார்வது எப்படி என்று அவர்களுக்குத் தெரியும்.

பாக்கியம் அக்கா முதல் வரிசையில், எனக்கு வலப்பக்கம் உட்கார வேண்டும். அவரை வீட்டுக்குப் போய் அழைத்து வருவது உன் வேலை. டிரைவரை அனுப்பாதே. நீ போ. வாசலில் நின்று, "மறக்கல பெரியம்மா, நான்தான் எடுத்தேன்" என்று உன் வாயால் சொல். அந்தப் பட்டுப்புடவையையே மறுபடி கட்டிக்கொள்ளச் சொல்.

நான் அந்தப் பக்கங்களை அவருக்கு உரக்கப் படிப்பேன். நாதஸ்வரம் தொடங்குவதற்கு முன்னால், அங்கேயே, மேடைக்குக் கீழே.

கடைசி வேலையும் உன்னுடையதுதான். முகூர்த்தத்துக்கு முந்தைய வாரத்திலேயே யாழினி கையில் அந்த அத்தியாயத்தைக் கொடு. சுருக்கிச் சொல்லாதே, பக்கத்தில் உட்கார்ந்து விளக்காதே. கொடுத்துவிட்டு வந்துவிடு. அவள் தன் பாட்டியோடு தனியாக இருந்து படித்து முடிக்கட்டும். முடித்த பிறகும் மேடைக்கு வந்து, உன் பக்கத்தில் உட்கார்ந்து, தானாகத் தலை குனிந்தால், கட்டு. முதல் அட்சதை என்னுடையது.

அம்மா